நடைப்பிணங்கள் வரும் நாளில் யாழ்ப்பாணத்தில் எங்கே குடியமர்வது? கோட்டை, நெடுந்தீவு, வலிகாமம், வேலணை: ஓர் ஒப்பீடு

இறந்தவர்கள் எழுந்து நடக்கும் ஒரு பேரழிவு யாழ்ப்பாணத்தை எட்டுமானால், தப்பிப் பிழைத்த ஐந்நூறு பேர் எந்த இடத்தில் குடியமர வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. கேள்வி கற்பனையானது, ஆனால் விடை தேடும்போது கணக்கில் எடுக்கவேண்டிய கிணறும் நெல்லும் வேலியும் தாம்போதியும் (ஆழமற்ற நீரின் குறுக்கே இட்ட அணைவீதி) காவல் முறையும் உண்மையானவை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2011 ஆம் ஆண்டில் நடைப்பிணத் தாக்குதலுக்கு ஆயத்தமாவது எப்படி என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அந்த ஆயத்தங்களைச் செய்துகொண்டவர் புயலுக்கும் கொள்ளைநோய்க்கும் ஆயத்தமானவர் ஆகிவிடுவார் என்பதே அதன் நோக்கம். யாழ்ப்பாணத்தவருக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை. மின்சாரமும் எரிபொருளும் மருந்தும் பாதையும் ஒரே காலத்தில் இல்லாமற்போன ஆண்டுகளை இந்தக் குடாநாடு உண்மையாகவே கடந்து வந்திருக்கிறது. ஜாம் போத்தலில் திரி இட்டு விளக்கெரித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

முதலில் எதிரியின் இயல்பை வரையறுக்க வேண்டும். இங்கே கருதப்படும் நடைப்பிணம் மெதுவாக நடக்கும், ஓடாது. அதன் கடியால் நோய் பரவும். கடிபட்டவர் இரண்டு நாள்களுக்குள் மாறிவிடுவார். சத்தமும் வெளிச்சமும் அதை ஈர்க்கும். ஏணி, திறப்பு, வள்ளம் எதையும் கையாள அதற்குத் தெரியாது. அது நீந்தாது, ஆனால் மூச்சு விடாததனால் நீரில் மூழ்கிச் சாவதுமில்லை. இந்தக் கடைசி இயல்பை யாழ்ப்பாணத்தில் திட்டமிடுவோர் ஒருபோதும் மறக்கக் கூடாது, ஏனெனில் நமது கடல்நீரேரி மிகவும் ஆழங்குறைந்தது. களங்கட்டி வலை வைக்கும் தொழிலாளர் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்தே சென்று வருகிறார்கள் என்றால், அந்த ஏரி நடைப்பிணத்துக்கு அகழியாகாது. அடியிலுள்ள சேறு அதன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. துப்பாக்கிகள் கிடைக்கும் என்றும் இக்கட்டுரை கருதவில்லை. அலவாங்கு, கோடாலி, நீண்ட கொக்கத்தடி, இவற்றைப் பிடிக்கத் தெரிந்த கைகள் ஆகியவையே கையிருப்பு.

பாதுகாப்பான குடியிருப்பு என்றதும் எல்லோருக்கும் மதில்தான் முதலில் மனத்தில் எழுகிறது. யாழ்ப்பாணத்தில் அந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் கிணறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். நாம் குடிப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளிலும் மணற்றிடல்களிலும் தங்கிநிற்கும் மழைநீர். அது கடலிலிருந்து ஊடுருவிய உவர் நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. அந்த விதியின் மறுபக்கம் கொடியது: மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் நீர் நாற்பது அடி மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். எனவே ஒவ்வோர் இடத்தையும் முதலில் கிணற்றைக் கொண்டும், பின்னர் விளைநிலத்தைக் கொண்டும், அதன் பின்னரே அரணைக் கொண்டும் எடைபோடுகிறேன்.

குடாநாடு முழுவதையும் அடைத்துக்கொள்ளல்

நான்கு இடங்களை ஒப்பிடுமுன், பலரும் முன்வைக்கக்கூடிய ஒரு பெரிய திட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். குடாநாட்டுக்குத் தரைவழி நுழைவாயில்கள் மூன்றே: ஏ-9 வீதி செல்லும் ஆனையிறவு, 2011 இல் திறக்கப்பட்ட 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம், கிழக்கே சுண்டிக்குளம் வழியாக வரும் ஒடுங்கிய மணற்றிடல். இவற்றை அடைத்தால் குடாநாடு முழுவதும் நம்முடையது என்பது கவர்ச்சியான எண்ணம். ஒல்லாந்தரும் இதே நோக்கில் ஆனையிறவு, பெஸ்குட்டர், பைல் என்று மூன்று சிறு கோட்டைகளைக் குடாநாட்டின் கழுத்தில் கட்டினார்கள்.

ஆனால் வாயிலை அடைப்பதற்குப் பொருள் இருப்பது உள்ளே நோய் இல்லாதபோது மட்டுமே. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். நாளாந்தம் கொழும்பிலிருந்து பேருந்தும் புகைவண்டியும் வந்துசேரும் ஊரில், ஆனையிறவை அடைக்க வேண்டும் என்று நமக்குத் தெரியவரும் நேரத்துக்குள் நோய் போதனா வைத்தியசாலையின் வாசலைத் தாண்டியிருக்கும். அப்போது அடைக்கப்படுவது நாமே. இறந்தவரைத் தடுக்கும் ஒடுங்கிய வழி உயிரோடிருப்பவரையும் தடுக்கும் என்பதை யாழ்ப்பாணம் நூலில் படித்து அறியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கிழக்கேயுள்ள தென்மராட்சியை நோக்கி வெளியேறியபோது, நாவற்குழிப் பக்கமாகச் செல்லும் பாதையில் முதியவர்களும் குழந்தைகளும் மழையில் அடி அடியாக நகர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நோயுற்ற ஒருவர் விழுந்து எழுவார் என்று நினைத்துப் பார்த்தால், பெருவழிகளை நம்பும் எந்தத் திட்டத்தையும் ஏற்க மனம் வராது. ஐந்நூறு பேரால் மூன்று வாயில்களையும் அவற்றுக்கிடையில் ஆழமில்லாத நீரேரிக் கரைகளையும் காக்கவும் முடியாது. இந்தத் திட்டத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

யாழ்ப்பாணக் கோட்டை

அரண் என்ற அளவில் கோட்டைக்கு நிகரான இடம் வடக்கில் இல்லை. போர்த்துக்கேயர் 1619 அளவில் கட்டத் தொடங்கிய சதுரக் கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1680 இலிருந்து அதனை ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டினர். வெளி அரண்கள் 1792 வரையில்தான் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், அது பிரித்தானியரிடம் சென்றது. ஐந்து மூலைகளிலும் வெளியே துருத்தி நிற்கும் கொத்தளங்கள் ஒன்றின் சுவரடியை மற்றொன்றிலிருந்து பார்க்கும்படி அமைந்தவை. பீரங்கிக்காக வகுக்கப்பட்ட அந்தக் கோணம், சுவரோரம் வந்து நிற்கும் நடைப்பிணத்தைக் கண்டுபிடிக்கவும் அதேயளவு உதவும். சுவர் ஏறத் தெரியாத எதிரிக்கு முன்னால் பவளக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆன அந்த மதிலின் சிதைந்த பகுதிகள்கூடப் போதுமானவை. வாயில் ஒன்றைக் காத்தால் உள்ளே நிம்மதியாக உறங்கலாம்.

இருந்தும் கோட்டையைக் குடியிருப்பாக நான் ஏற்கவில்லை. முதற் காரணம், அது நிற்கும் இடம். பேருந்து நிலையமும் சந்தையும் போதனா வைத்தியசாலையும் நடை தூரத்தில் உள்ளன. மாவட்டத்தில் மக்கள் நெருக்கமும் நோயும் முதலில் பெருகும் இடத்தின் நடுவில் கோட்டை இருக்கிறது. உள்ளே அடுப்பு மூட்டினாலும் பிள்ளை அழுதாலும் மதிலைச் சுற்றி நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், வந்தவை போகா.

இரண்டாவது காரணம் நிலம். ஒருவருக்கு ஆண்டுக்கு 150 கிலோ அரிசி என்று வைத்தால் ஐந்நூறு பேருக்கு 75 தொன் அரிசி வேண்டும். அது குற்றுவதற்கு முன் ஏறத்தாழ 115 தொன் நெல். செயற்கை உரமும் உழவு இயந்திரமும் இல்லாத மானாவாரிப் பயிரில் ஏக்கருக்கு ஒரு தொன் என்று அடக்கமாகக் கணித்தால் 115 ஏக்கர், அதாவது (ஏக்கருக்குப் பதினாறு பரப்பு வீதம்) ஆயிரத்து எண்ணூறு பரப்புக்கு மேல் வயல் தேவை. அகழியையும் வெளி அரண்களையும் சேர்த்தாலும் கோட்டையின் பரப்பு அறுபது ஏக்கரைச் சுற்றியே வரும்; அதிலும் பெரும்பகுதி கல்லும் இடிபாடும். கோட்டைக்குள் இருப்பவர் எந்நாளும் வெளியே சென்றுதான் உண்ண வேண்டும். வெளியே செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒரு கடிக்கு வாய்ப்பு.

வரலாறும் இதையே சொல்கிறது. 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது போர்த்துக்கேயர் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தனர். மதில் உடைந்து தோற்கவில்லை, உள்ளே அடைபட்டிருந்த பெருங்கூட்டம் பசியாலும் நோயாலும் நலிந்த பின்னர் யூன் மாதத்தில் சரணடைந்தனர். அதே ஆண்டு ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை, நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும், குடிநீர்த் தொட்டி அழிக்கப்பட்டதனால் இரண்டு கிழமைகளில் வீழ்ந்தது. 1990 இலும் யாழ்ப்பாணக் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகைக்குள் இருந்து, இறுதியில் உள்ளிருந்தோர் அதைவிட்டு வெளியேறினார்கள். மதில் நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் உண்ணவும் குடிக்கவும் வெளியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். நடைப்பிணங்களின் காலத்தில் அப்படி வரப்போகும் கப்பல் எதுவும் இல்லை.

ஆயினும் கோட்டை ஒரு காரணத்துக்காக இந்த ஒப்பீட்டிலிருந்து முற்றாக விலகவில்லை. அது பண்ணைத் தாம்போதியின் தலைமாட்டில் நிற்கிறது. தீவுப் பகுதிக்குச் செல்லும் அந்தத் தரைவழியைக் கண்காணிக்க அதைவிட உயரமான, உறுதியான இடம் கிடையாது. இதற்குப் பின்னர் வருகிறேன்.

நெடுந்தீவு

எதிரியிடமிருந்து தூரம் என்ற ஒரே அளவுகோலால் அளந்தால் நெடுந்தீவே வெல்லும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பாலமோ தாம்போதியோ இல்லை. இடையிலுள்ள கடலில் நீரோட்டமும் உண்டு. ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்பில் சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். நோய் வந்துவிட்டாலும் எண்ணித் தேடக்கூடிய தொகை அது. காணிகளைப் பிரிக்கும் பவளக்கல் மதில்கள் ஆயிரக்கணக்கான கைகள் நூற்றாண்டுகளாக அடுக்கிய அரண். சாந்து இல்லாமல் அடுக்கியவை என்பதால் பிரித்து வேண்டிய இடத்தில் மீண்டும் அடுக்கலாம். மாடும் ஆடும் உண்டு, மேய்ச்சல் நிலம் உண்டு, கட்டாக்காலிக் குதிரைகள் உண்டு. டீசல் இல்லாத உலகில் குதிரை சிறிய செல்வமன்று.

குறை, எதிர்பார்த்தபடியே, நீரில் இருக்கிறது. தீவின் பெரும்பாலான கிணறுகள் உவர். நல்ல நீர்க் கிணறுகள் சிலவே, அவையும் கோடையில் சுருங்கும். மழைநீரைச் சேமிக்கலாமே என்பார்கள். கணக்குப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடும். அதன் பின் ஏறத்தாழ எட்டு மாதம் தொட்டியை நம்பி இருக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு நாளுக்கு 4 லீற்றர் என்று ஒடுக்கினாலும், ஐந்நூறு பேருக்கு 240 நாளுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் லீற்றர். அது 20 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் கொண்ட, கூரையிட்ட, கசியாத தொட்டி. சீமெந்து கிடைக்கும் காலத்தில் அதைக் கட்டிவைத்தால் நல்லது. பேரழிவு தொடங்கிய பின்னர் ஐந்நூறு அகதிகள் அங்கே போய்க் கட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. நெடுந்தீவில் ஏற்கெனவே வாழும் மக்கள் தங்கள் கிணறுகளுக்கு ஏற்ற அளவில் வாழ்கிறார்கள். அவர்களுடைய குடிநீரில் ஐந்நூறு பேர் போய்ப் பங்கு கேட்பது, நடைப்பிணங்களுக்கு முன்பே உயிரோடிருப்பவர்களுக்குள் பகையை உண்டாக்கும்; அந்தப் பகையில் நியாயம் அவர்கள் பக்கமே இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் தீவிலிருந்து வெளியேறுவதும் எளிதன்று. ஆகவே நெடுந்தீவை முதற் குடியிருப்பாக அல்லாமல், எல்லாம் கைமீறும் நாளில் சிறு தொகையினர் சென்றடையும் கடைசி ஒதுக்கிடமாக, அந்த மக்களின் உடன்பாட்டோடு மட்டும், வைத்துக்கொள்வதே முறை.

வலிகாமத்துச் செம்மண் ஊர்கள்

நீரும் மண்ணும் மட்டுமே கேள்வியானால் வலிகாமத்துக்கு வெளியே யாரும் போக வேண்டியதில்லை. கோப்பாய், உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் பக்கங்களில் வளவுக்கு ஒரு கிணறு. வெங்காயமும் மரவள்ளியும் குரக்கனும் காய்கறியும் விளையும் செம்மண். நிலத்தை அறிந்த கமக்காரர். ஒழுங்கைகளின் இருமருங்கும் எழுந்து நிற்கும் வேலிகளும் மதில்களும் வழி தெரியாத எதிரியைச் சுற்றவைக்கும். இரண்டு முனைகளில் படலை வைத்தால் ஒரு ஒழுங்கையே ஒரு காவற்கூடம்.

இங்கேயும் இரண்டு குறைகள், இரண்டும் தீர்க்க முடியாதவை. ஒன்று, ஊருக்கு விளிம்பு இல்லை. ஓர் ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் வேலிகளுக்குள் மறைந்திருக்கும். எங்கே வளைத்தாலும் நாற்புறமும் காவல் வேண்டும். ஐம்பது மீற்றருக்கு ஒருவர் என்று நிறுத்தினால் ஒரு கிலோமீற்றருக்கு இருபது பேர். மூன்று முறை மாறினால் அறுபது பேர். நோயும் ஓய்வும் சேர்த்தால் எழுபது. 115 ஏக்கர் வயலையும் வீடுகளையும் சுற்றி வளைக்கும் வேலி எவ்வளவு சிக்கனமாக அமைந்தாலும் இரண்டரைக் கிலோமீற்றருக்குக் குறையாது. குழந்தைகளையும் முதியவர்களையும் நீக்கினால் ஐந்நூறில் வேலை செய்யக்கூடியவர் முந்நூறுக்குள்தான். அவர்களில் நூற்றெழுபது, நூற்றெண்பது பேர் வேலியில் நின்றால் வயலில் யார் நிற்பது?

மற்றது சுண்ணாம்புக்கல். வலிகாமத்தில் செம்மண் ஆழமில்லை; அதன் கீழே பாறையில் நீர் கரைத்த குகைகளும் வாய்க்கால்களும் உண்டு. மண்ணில் வடிகட்டப்படாமல் மேலிருப்பது விரைவாகக் கீழே போகும். ஒரு கிணற்றில் விழுந்தது அயற்கிணற்றை அடையும். ஒரு நடைப்பிணம் பாழடைந்த வளவிலுள்ள கட்டில்லாத கிணற்றுக்குள் விழுந்தால், அதைக் காணாத நாள்களில் எத்தனை வீட்டார் அந்த நீரைக் குடித்திருப்பார்கள் என்று சொல்ல இயலாது. பெருந்தொகையான பிணங்களை அங்கே புதைக்கவும் முடியாது. மக்கள் நெருக்கமான நிலத்தில் அத்தகைய கிணறுகளும் பிணங்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும். வலிகாமம் நமக்குச் சோறு போட்ட நிலம். அந்தக் காலத்தில் அதைக் கைவிட வேண்டிவரும் என்பதை எழுதும்போது மனம் கனக்கிறது, ஆனாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

வேலணைத் தீவு

எஞ்சியிருப்பது வேலணை. காரைநகரையும் புங்குடுதீவையும் இதனோடு சேர்த்து எண்ணலாமே எனில், இரண்டும் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்குப் பேர்போனவை. வடமராட்சிக் கிழக்கின் மணற்கரைகளில் நன்னீர் இருந்தாலும் அவை 2004 ஆழிப்பேரலை நேராகத் தாக்கிய கரைகள். சுண்டிக்குளத் திடலுக்கும் அவையே முகப்பு.

வேலணைத் தீவில் அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி முதலிய மணற்பாங்கான இடங்களில் நன்னீர்க் கிணறுகள் உள்ளன. சாட்டியிலிருந்து அயல் தீவுப் பகுதிகளுக்கும் குடிநீர் கொண்டுசெல்லப்படுகிறது. மணல், சுண்ணாம்புக்கல்லைப் போலன்றி, மழைநீரை மெதுவாக வடித்துத் தருகிறது. வயல் உண்டு, தென்னையும் பனையும் உண்டு, இருபுறமும் மீன்பிடிக் கடல் உண்டு. போரால் இடம்பெயர்ந்தோர் பலர் திரும்பாததனால் ஆளில்லாத வீடுகளும் தரிசு நிலமும் நிறைய; அதாவது எதிரியாக மாறக்கூடியவரும் குறைவு, வந்து குடியேறுவோர் யாரையும் எழுப்பத் தேவையுமில்லை. தரைவழி இரண்டே: யாழ்ப்பாண நகரிலிருந்து மண்டைதீவுச் சந்தியூடாக அல்லைப்பிட்டிக்கு வரும் பண்ணைத் தாம்போதி, புங்குடுதீவுக்குச் செல்லும் வாணர் தாம்போதி. காரைநகரோடு பாலம் இல்லை, படகுச் சேவை மட்டுமே. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை ஒன்றும் படகுத் துறையும் இருக்கின்றன.

இதன் பலவீனத்தை மறைக்கக் கூடாது. நகரப் பக்கமாகவுள்ள நீரேரி ஆழமற்றது. வழிதவறிய நடைப்பிணங்கள் ஒன்றிரண்டாகச் சேற்றில் நடந்து கரையேறும். தீவின் கரை முழுவதையும் ஐந்நூறு பேரால் காக்க முடியாது. ஆனால் ஒன்றிரண்டாக வருவதும் கூட்டமாக வருவதும் வேறு வேறு. கூட்டம் வீதி வழியே சத்தத்தைத் தொடர்ந்து வரும். அதைத் தாம்போதி தடுக்கும். சேற்றில் வருவது களைத்து, பிரிந்து, நண்டும் மீனும் தின்ற உடலோடு வரும். அதை உள்வேலி தடுக்கும். கூட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, சிதறி வருவதை மட்டும் உள்ளே எதிர்கொள்ளும் இந்தப் பிரிப்பு மற்ற மூன்று இடங்களிலும் வாய்க்கவில்லை. வேலணையைத் தெரிவுசெய்வதற்கு நீருக்கு அடுத்த பெரிய காரணம் எனக்கு அதுதான்.

தெரிவுக்குப் பின்: குடியிருப்பை அமைக்கும் முறை

பண்ணைத் தாம்போதியை உடைக்கலாம் என்ற யோசனை எழும். ஆழமற்ற நீரில் போடப்பட்ட அந்த அணைவீதியை அலவாங்கால் உடைப்பது பெரும் உழைப்பு. உடைத்தாலும் இடுப்பளவு நீர்தான் கிடைக்கும். அதைவிட, பழைய பேருந்துகளையும் கல் நிரப்பிய கொள்கலன்களையும் குறுக்கே நிறுத்தி இரண்டு தடைகளை அமைக்க வேண்டும்: ஒன்று மண்டைதீவுச் சந்தியருகில், மற்றது அல்லைப்பிட்டிக் கரையில். நம் பழைய வீடுகளின் சங்கடப்படலை வெயிலில் வந்த வழிப்போக்கர் இளைப்பாறக் கூரையிட்ட வாயிலாக இருந்ததுபோல, இந்த இரண்டு தடைகளுக்கும் இடையிலான வெளி வருவோர் தங்கும் இடமாக வேண்டும். நகரிலிருந்து உயிரோடு வருவோரை விரட்டக் கூடாது. தனித்தனி அறைகளில் மூன்று நாள் தங்கவைத்து, உணவும் நீரும் கொடுத்து, மாற்றம் இல்லையென்றால் உள்ளே எடுக்க வேண்டும். இரண்டு நாளில் மாறும் நோய்க்கு மூன்று நாள் போதும். முதற் சில வாரம் கழிந்து, ஆள்பலம் தேறிய பின்னர், கோட்டைக் கொத்தளத்தில் ஆறேழு பேர் கொண்ட காவல் நிலையம் ஒன்றை வைக்கலாம். படகில் சென்று படகில் திரும்பும் அவர்கள், நகரில் கூட்டம் திரள்வதைக் கண்டால் பகலில் கண்ணாடியாலும் இரவில் மூடி திறக்கும் விளக்காலும் தீவுக்குச் சொல்ல வேண்டும். கோட்டைக்கு உரிய வேலை அதுவே.

உள்ளே, சாட்டி, மண்கும்பான் கிணறுகளை நடுவில் வைத்து வீடுகளை நெருக்கமாக அமைத்து, அதைச் சுற்றி மட்டும் ஒரு கிலோமீற்றருக்கு மேற்படாத உள்வேலி இட வேண்டும். வயல் வேலிக்கு வெளியே இருக்கும். பகலில் காவலோடு சென்று, பொழுது சாயமுன் திரும்புவது. வேலிக்கு வைரமேறிய பனங்குற்றிகளை நெருக்கமாக நட்டு, வெளிப்பக்கம் ஒரு பள்ளம் வெட்டி, குற்றிகளுக்கு முன் கிளுவைக் கதிகால்களை மாரியில் ஊன்றிவிட்டால் இரண்டு ஆண்டுகளில் உயிர்வேலி எழும்பிவிடும். முட்கம்பி வேலியைப் பலர் விரும்பக்கூடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு வரும் எதிரிக்கு முன்னால், உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் கம்பி வேலி ஆபத்தானது. நம் முன்னோர் வளவின் மறைவுக்காகக் கட்டிய கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்துகின்றன. அதே காரணத்தால் மின்பிறப்பாக்கி வேண்டாம். சூரியத் தகடுகள் மருந்துப் பெட்டியைக் குளிர்விக்கவும் வானொலிக்கும் போதும்.

நீர் இறைப்பைத் துலாவோடும் கப்பியோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். எரிபொருள் கிடைத்தாலும் பம்பி வைக்கக் கூடாது, ஏனெனில் விரைவாக இறைக்கும் பம்பி கீழிருந்து உவரை மேலே இழுத்துவிடும். கையால் இறைக்கும் மனிதர் களைத்து நிற்கும் இடத்தில் கிணறும் தன் நீரை மீட்டுக்கொள்கிறது. மலசலகூடங்கள் கிணற்றிலிருந்து முப்பது மீற்றருக்கு அப்பால், நிலத்தடி நீர் வழியும் பக்கமாக. இறந்தவர்களைப் புதைப்பதில்லை, கரையோரத்தில் எரிப்பது. இது எந்தச் சமயத்தாருடைய உணர்வையும் புறக்கணித்துச் சொல்வதன்று. மணலில் புதைப்பது குடிக்கும் நீரில் புதைப்பதாகும் என்பதைக் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இருக்கும் குடியிருப்பில் முதல் நாளிலேயே பேசி உடன்படவேண்டும்.

கிணறுகளைப் பற்றி இன்னும் ஒரு விதி, இதை மற்றெல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: எல்லாக் கிணறும் எல்லோருக்கும் பொது. ஒடுக்கப்பட்ட சாதியினர் எனப்பட்ட மக்களைக் கிணற்றுக் கட்டில் ஏறவிடாத வரலாறு யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அந்த வழக்கம் முற்றாக மறைந்துவிட்டது என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியாது. மரமேறத் தெரிந்தவர், வலை இழுக்கத் தெரிந்தவர், கல் உடைக்கத் தெரிந்தவர், பிணம் எரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் இந்தக் குடியிருப்பு ஒரு மாரியைத் தாண்டாது. யாரையும் வேலிக்கு வெளியே குடியிருத்தினாலோ, யாருக்கும் நீர் குடிக்கத் தனி ஓலைப் பட்டை வைத்தாலோ, அன்றே அது உடையும். உடைவதற்கும் அது தகும்.

உணவில் நெல் விளையும் வரை நம்மைத் தாங்கப்போவது பனை. பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் ஆண்டுக்கணக்கில் கெடாது; புழுக்கொடியலும் பனாட்டும் பனங்கட்டியும் அவ்வாறே. நீர் பாய்ச்சத் தேவையில்லாத, உழத் தேவையில்லாத பயிர் அது. கருவாடும் ஒடியல் மாவும் மரவள்ளியும் முருங்கையிலையும் இருந்தால் கூழ் காய்ச்சி முதலாண்டைக் கடத்தலாம். அதற்காக ஒவ்வோர் ஆவணியிலும் பனம்பழம் விழும்போது விதைகளைப் பொறுக்கிப் பாத்தி போடும் வேலைக்கு நெல் விதைப்புக்குச் சமமான இடம் தர வேண்டும். ஊர்காவற்றுறைத் துறையில் பாயும் துடுப்பும் கொண்ட வள்ளங்களில், இரண்டு கிழமைக்கான நீரோடும் ஒடியலோடும், எப்போதும் ஒரு பங்கு நெடுந்தீவுப் பயணத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஐந்நூறு என்ற எண் மட்டும் இன்னும் உறுதியானதன்று. மாரி முடிந்த தை மாதத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முந்திய கடைசிக் கிழமைகளில், சாட்டி முதல் அல்லைப்பிட்டி வரையுள்ள ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றர் வீதம் 7,500 லீற்றரை அந்தக் கிழமைகளிலும் கையால் இறைத்து, மறுநாள் காலையில் கிணறு பழைய மட்டத்துக்கு வந்திருந்தால் ஐந்நூறு பேர் குடியேறலாம். பாதி நீர்தான் கிடைக்குமென்றால் இருநூற்றைம்பது பேருக்கு மேல் எடுக்காமல், மற்றவர்களுக்குத் தீவின் வேறொரு மணற்றிடலில் இரண்டாவது உள்வேலியை அமைக்க வேண்டும். அந்த அளவீட்டைச் செய்வதற்குப் பேரழிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஆவணியிலேயே செய்யலாம்.